ஞாயிற்றுக்கிழமை பிறந்தவருக்கு நீலம் ஆகாது

தாய்லாந்தின் பெட்சபுரியில் அந்தக் கோடையில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவில்லை. "ஆசானைப் பாத்தாச்சா?" என்றுதான் கேட்டார்கள். இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னவரை, மருந்து சாப்பிட மறுக்கும் நோயாளியைப் பார்ப்பது போலப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆசான் தனபோன் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், நொடித்துப்போன ஒரு கரோக்கி கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். சனிக்கிழமை விடிந்தால் வாசல் முழுக்கச் செருப்பு. கருவாடு விற்பவர், கஞ்சி விற்பவர், முடி வெட்டுபவர், பனைவெல்லம் காய்ச்சுபவர் என்று எல்லோரும் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதிதான். வியாபாரம் படுத்துவிட்டது.

புறவழிச்சாலை வந்த நாளிலிருந்தே அப்படித்தான். முன்பு தெற்கே போகும் சுற்றுலாப் பேருந்துகள் எங்கள் தெருவில் நின்று, ஆளுக்கு நாலு பெட்டி இனிப்பை வாரிக்கொண்டு போகும். இப்போது அவை ஊருக்கு வெளியே பறக்கின்றன. "ஆன்லைன்ல விளம்பரம் பண்ணுங்க" என்று வங்கிக்காரர் முதல் வாடகை வாங்குபவர் வரை ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். எதில் பண்ணுவது? அதுதான் சிக்கல். எங்கள் ஊரில் செயலிகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, நிறம் சொல்லித்தான் அழைப்போம். நீலம், சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, ஊதா, இளஞ்சிவப்பு என்று ஒரு வானவில்லே தொலைபேசிக்குள் இருந்தது. எதில் காசு போட்டால் எது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆசானுக்குத் தெரிந்திருந்தது.

"நீ என்ன கிழமை பிறந்தே?" என்று கேட்பார். கிழமைக்கு ஒரு நிறம் உண்டு, அது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஞாயிறு சிவப்பு, செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம், சனி ஊதா. செயலிக்கும் ஒரு நிறம் உண்டு. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியதுதான். இத்தனை எளிய உண்மையைப் பெரிய பெரிய விளம்பர நிறுவனங்கள் எப்படிக் கோட்டை விட்டன என்று ஊரே வியந்தது. திங்கட்கிழமைக்காரர்களின் மஞ்சளுக்குத்தான் பொருத்தமான செயலி இல்லை. அது கூடிய சீக்கிரம் பிறக்கும் என்றார் ஆசான். பிறக்கும்வரை முன்பணத்தை அவரிடமே கட்டி வைக்கலாம். கட்டினார்கள்.

கூடத்தில் ஏழு நிறத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவரவர் கிழமைக்கு அவரவர் நிறம். மேடையில் ஒரு கம்பத்தின் மேல் சின்ன ஆவி வீடு. வழக்கமாக அதற்குள் நிலத்துக் காவல் தெய்வம் இருக்கும். ஆசானின் ஆவி வீட்டுக்குள் இணைய இணைப்புப் பெட்டி ஒன்று பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முன்னால் மாலை, ஊதுவத்தி, உறிஞ்சுகுழல் செருகிய சிவப்புச் சோடா. விளக்கு எரிந்தால் விளம்பர தேவன் விழித்திருக்கிறான் என்று பொருள். அணைந்தால், யாரோ இணையக் கட்டணம் கட்டவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால்தான் நீங்கள் ஆசானாகவில்லை. தேவன் தியானத்தில் இருக்கிறான்.

இந்தக் கூட்டத்தில் சிவப்பு நாற்காலிகளின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான் உவான். உவான் என்றால் குண்டன். அம்மா வைத்த செல்லப் பெயருக்கு ஐம்பது வயதிலும் துரோகம் செய்யாத மனிதர். எங்கள் தெருவில் மோக்கேங் கடை வைத்திருந்தார். வாத்து முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் கலந்து தட்டில் சுட்டு, மேலே வெங்காயத்தைப் பொரித்துத் தூவும் இனிப்பு அது. உவானின் கை தங்கக் கை. மூளையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் முதல் போணி ஆனதும் அந்த நோட்டால் எல்லாத் தட்டுகளையும் தட்டி "ஹெங், ஹெங்" என்று செல்வத்தைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். இப்போது யாரும் நோட்டு கொடுப்பதில்லை, எல்லாம் ஸ்கேன். உவான் அசரவில்லை. தொலைபேசியாலேயே தட்டினார். கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. செல்வம் வருகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவி பிம்ஜாய் கூடத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி கிடையாது. அவள் பிறந்த வருடம் ஆற்றில் வெள்ளம். அப்பா ஒரு மாதம் கழித்துப் பதிவு செய்யப் போய், போன நாளையே பிறந்தநாளாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கிழமை அம்மாவுக்கும் நினைவில்லை.

"கிழமை இல்லாத பெண்ணுக்கு விளம்பர யோகம் கிடையாது" என்று ஆசான் அனுதாபத்தோடு தீர்ப்பளித்திருந்தார்.

யோகம் இல்லாத அந்தப் பெண்தான் ஆறு வருடமாக நீலத்தில் ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து தட்டு இறங்குவதைப் படம் பிடிப்பாள். புருஷன் வெங்காயத்தைக் கருக்கினால் அதையும் படம் பிடித்து, திட்டையும் சேர்த்துப் போடுவாள். பாங்காக்கிலிருந்தும் வடக்கேயிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தத் திட்டை ரசித்து, கூடவே இரண்டு பெட்டி வாங்கினார்கள். கடை வாடகை அதில்தான் ஓடியது.

அந்தப் பக்கத்தைத்தான் அழிக்கச் சொன்னார் ஆசான்.

உவான் ஞாயிற்றுக்கிழமைக்காரர். ஞாயிறுக்கு நீலம் பீடை நிறம். உவான் சொங்க்ரான் புத்தாண்டுக்கென்று வைத்திருந்த விளம்பரப் பணம் முழுவதையும் ஆசானிடம் கொடுத்து, சிவப்பில் போடச் சொல்லியிருந்தார். "மூணாம் நாள் உன் விளம்பரம் உன்னைத் தேடி வரும். ஒரு லட்சம் கண்ணு பாக்கும்" என்றார் ஆசான். மூன்றாம் நாள் காலை உவான் பல் துலக்கியபடி தொலைபேசியில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு நடுவே அவர் முகமே சிரித்தது. நுரையோடு தெருவுக்கு ஓடினார்.

"உவான் அண்ணே! உங்க மூஞ்சியப் பாத்தேன்!" என்றார் எதிர்க்கடை முடிதிருத்துநர் துய்.

"நானும் பாத்தேன் தம்பி, மூணு தடவ" என்றார் கஞ்சிக்கடை சம்னியன் அக்கா.

ஊரே பார்த்துவிட்டது. உலகமே பார்த்துவிட்டதாக உவான் கணக்குப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு குறை. ஒரு பெட்டிகூட விற்கவில்லை.

ஆசானிடம் அதற்கும் பதில் இருந்தது. "ஒரு வீட்ல ரெண்டு தேவனா? நீலம் வாசல்ல உக்காந்துகிட்டு சிவப்ப உள்ள விடமாட்டேங்குது. வர்ற சனிக்கிழமை, காலை ஒன்பது மணி ஒன்பது நிமிஷம். என் முன்னால அந்தப் பக்கத்த அழிச்சுடு. அப்புறம் பாரு."

வீட்டில் அன்று அடுப்பை விட பிம் அதிகமாகக் கொதித்தாள்.

"ஏங்க, சம்பாதிச்சுக் கொடுக்கறத அழிச்சுட்டு, சம்பாதிக்காதத வச்சுக்கணுமா? இதுக்கு ஆசான் எதுக்கு? நம்ம வீட்டுப் பூனையே சொல்லுமே!"

"உனக்கு நம்பிக்கை இல்ல பிம். அதான் உனக்கு நாற்காலியே இல்ல."

"நாற்காலி இல்லாததாலதான் பின்னால நின்னு எல்லாரு போனையும் பாக்க முடிஞ்சுது. போன வாரம் துய் போன்ல என்ன விளம்பரம் ஓடுச்சு தெரியுமா? நம்ம மோக்கேங். சம்னியன் அக்கா போன்ல? துய்யோட முடிவெட்டு. உங்க போன்ல?"

"சம்னியன் அக்கா கஞ்சி" என்றார் உவான், யோசிக்காமல்.

"துய்க்கு நம்ம இனிப்பு தெரியாதா? நமக்கு அவன் கத்தரி தெரியாதா? தெருவுல தினம் முட்டிக்கிற மூஞ்சிய, காசு கொடுத்து போன்ல பாத்துக்கிட்டிருக்கோம்!"

உவான் வெங்காயம் உரிப்பதில் தீவிரமானார். அவருக்குக் கண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம்.

பிம் சும்மா கத்தவில்லை. பக்கம் போனால் வாடகை போகும். வாடகை போனால் கடை போகும். கடை போனால் பாங்காக்கில் அக்கா வீட்டு மாடியறைதான் கதி. அந்த அறையை அக்கா கூட்டிப் பெருக்கி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொல்லக் காத்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதைவிட ஆற்றில் குதிக்கலாம் என்பது பிம்மின் கருத்து.

மறுநாள் அவளே ஆசானிடம் போனாள். கை கூப்பினாள். குரலில் பனைவெல்லம்.

"ஆசானே, பக்கத்த அழிச்சுடறோம். அதுக்கு முன்னாடி ஒரு புண்ணியம் பண்ணிக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள், இந்த விளம்பரத்தப் பாத்து போன் பண்ற எல்லாருக்கும் ஒரு தட்டு மோக்கேங் இலவசம். நாட்டோட எந்த மூலையா இருந்தாலும் அனுப்பற செலவும் எங்களோடது. சிவப்புல நீங்களே போட்டு விடுங்க."

புண்ணியம் செய்யாதே என்று எந்த ஆசானால் சொல்ல முடியும்? வாய்க்கு வாய் புண்ணியம் செய்யச் சொல்லித்தானே அவர் பிழைப்பே ஓடுகிறது. "நல்ல மனசு, நல்ல மனசு" என்று தலையாட்டினார்.

"புது நம்பர் ஒண்ணு வேணும் ஆசானே. இந்த விளம்பரத்துல மட்டும் போடறதுக்கு. ராசியானதா."

ஆசானின் முகம் மலர்ந்தது. ராசி எண் விற்பது அவருடைய பழைய தொழில். ஒன்பதுகள் நிறைந்த எண் ஒன்றை அவரே விற்றார். தன் தலையில் விழப்போகும் கல்லை விலை சொல்லி விற்றவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

செய்தி கேட்டு உவான் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு லட்சம் பேரு பாக்கறாங்க பிம்! பத்துல ஒருத்தன் கூப்பிட்டாக்கூட பத்தாயிரம் தட்டு! நாம அழிஞ்சோம்!"

"கூப்பிட்டா நான் தலைய மழிச்சுக்கிட்டு மடத்துக்குப் போயிடறேன். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

பிம் நாற்பது தட்டுக்கு முட்டை வாங்கச் சொன்னாள். உவான் உண்மையான பக்தர். ஊரில் உள்ள வாத்துகள் வெட்கப்படும் அளவுக்கு முட்டை வாங்கினார். பக்கத்துக் கடை அடுப்புகளை இரவல் வாங்கினார். வியாழக்கிழமை முழுக்கச் சுட்டார். வெள்ளிக்கிழமை காலை கடையில் நிற்க இடமில்லை. மேசை, நாற்காலி, தையல் இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டியின் தலை, எங்கும் மோக்கேங். தெருமுனை வாடகை மோட்டார்சைக்கிள்காரர் போங், தொழில் சீருடையான ஆரஞ்சுச் சட்டை போட்டு, பெட்ரோல் நிரப்பி, வாசலில் தயாராக நின்றார். தூரத்து ஊர்களுக்கு அனுப்ப அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

பத்து மணிக்குப் புது எண் ஒலித்தது. உவான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிம் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"வணக்கம். எங்கேருந்து பேசறீங்க? விளம்பரம் எங்க பாத்தீங்க?"

"பிம்மா? நான்தான் சம்னியன். பின்னாடி சந்துலேருந்து. சிவப்புல பாத்தேன். இலவசம்னு போட்டிருக்கே, நிஜமாவா?"

போங் வண்டியைக் கிளப்பினார். அணைத்தார். இறங்கி நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த அழைப்பு, எதிர்க்கடை துய். அவர் தொலைபேசியில் பேசுவது எதிர்ப்புறமிருந்து நேராகவும் கேட்டது. அடுத்தது பால முனைக் காவல் சாவடியின் காவலர், இரண்டு தட்டு கிடைக்குமா என்று. பிறகு மருந்துக்கடை. பிறகு ஆசானின் உதவியாளர் குங், "அக்கா, கூடத்துக்கு ஒண்ணு அனுப்புங்க, ஆசானுக்குத் தெரிய வேணாம்" என்றான். மதியம் ஒரு வயதான குரல் அழைத்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"கூடத்து மாடியில. நான் ஆசானோட அம்மா. போனத் திறந்தா உங்க குண்டன்தான் சிரிக்கிறான், காலையிலேருந்து. வெங்காயம் தூக்கலாப் போட்டு அனுப்பும்மா."

சாயங்காலம்வரை அவ்வளவுதான். எல்லா அழைப்பும் கடைக்கும் பாலத்துக்கும் நடுவே. போங் அன்றைக்கு ஒரு துளி பெட்ரோல்கூடச் செலவழிக்கவில்லை.

"அண்ணே, இந்த வேலைக்கு வண்டி எதுக்கு? செருப்பு போதும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

உவான் தையல் இயந்திரத்தின் மேலிருந்த தட்டை வெறித்துப் பார்த்தார். "ஒரு லட்சம் பேரு..." என்றார். "இலவசமாக் கொடுத்தாக்கூட வாங்க மாட்டாங்களா, பிம்? அவ்வளவு மோசமாவா சுடறேன்?"

அந்தக் கேள்வியில் பிம்முக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "தட்டத் தூக்குங்க. படம் எடுக்கணும்" என்றாள்.

இன்னும் அழியாத நீலப் பக்கத்தில் அவள் எழுதினாள்: "என் புருஷன் ஒரு ஆசான் பேச்சைக் கேட்டு ஊர் வாத்துகளின் முட்டை மொத்தத்தையும் சுட்டுவிட்டார். வீட்டில் படுக்க இடமில்லை. வழக்கமான விலை. அனுப்பும் செலவு உங்களுடையது. காப்பாற்றுங்கள்." கீழே படம். மோக்கேங் மலைக்கு நடுவே உவான், திருவிழாவில் தொலைந்த குழந்தையின் முகத்தோடு.

விளக்கு வைப்பதற்குள் ஒலிக்கத் தொடங்கியது. சியாங்ராய் அத்தை ஒருத்தி மூன்று பெட்டி. உபோனில் ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து எடுத்தது. ராயோங்கில் ஒரு மீன்பிடிப் படகுக்காரர், "அந்தக் குண்டு அண்ணன அழ வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லி ஐந்து. கூப்பிட்ட எல்லோரிடமும் பிம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டாள். எங்கிருந்து? எங்கே பார்த்தீர்கள்? உவான் பெட்டிகளில் முகவரி எழுதினார். போங் மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு கூரியர் கடைக்கு நடை அடித்தார். இல்லை, இந்த முறை வண்டியில்.

சனிக்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. பக்கம் அழிக்கும் சடங்கைப் பார்க்கக் கூட்டம் இரட்டிப்பு. ஆவி வீட்டுக்கு முன்னால் வெள்ளித் தட்டு, அதில் மல்லிகை மாலை சுற்றி உவானின் தொலைபேசி. ஆசான் வெள்ளை உடையில், கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடி முணுமுணுத்தார். கடிகாரம் ஒன்பது ஒன்பதைத் தொட்டது.

"அழுத்து மகனே!"

உவானின் விரல் திரைக்கு மேலே நின்றது. பருமனான விரல். கூடமே அதைப் பார்த்தது.

"ஆசானே, ஒரு சந்தேகம்" என்றார் உவான்.

"சந்தேகமெல்லாம் ஒன்பது பத்துக்கு. இப்ப அழுத்து!"

"இல்ல ஆசானே. நேத்து நீலம் மொத்தத் தட்டையும் காசுக்கு வித்துக் கொடுத்துடுச்சு. உங்க சிவப்பு சும்மா கொடுத்தும் எங்க சந்தத் தாண்டல. இதுல எது பீடை?"

பின்னால் நின்ற பிம் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருட வாழ்க்கையில் புருஷன் ஒருவரை எதிர்த்துக் கேள்வி கேட்டு அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"புண்ணியம் உள்ளவங்க கண்ணுக்குத்தான் விளம்பரம் தெரியும்!" என்று கர்ஜித்தார் ஆசான். "தேவனச் சோதிக்காதே!"

"தேவன யாரு சோதிச்சா?" பிம் நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்தாள். "உங்களத்தான் சோதிக்கிறோம். எல்லாரும் கேளுங்க. இங்க உக்காந்திருக்கற எல்லாரோட விளம்பரமும் நாடு பூரா ஓடுதாம். சரி. ஆளுக்கு ஒரு சொந்தக்காரங்க வெளியூர்ல இருப்பாங்கல்ல? இப்பவே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. என் விளம்பரத்தப் பாத்தியா? அவ்வளவுதான். மந்திரம் வேணாம், மாலை வேணாம்."

ஏழு நிறத்திலும் தொலைபேசிகள் வெளியே வந்தன. கூடம் சந்தையாகிவிட்டது.

"மாமா, என் கஞ்சி விளம்பரம் பாத்தியா... கஞ்சி மாமா, கஞ்சி! காது கேக்கலையா?"

"தங்கச்சி, என் கத்தரியப் பாத்தியா... இல்ல, தொலைஞ்சு போகல, விளம்பரத்துல!"

"பாக்கலையா? ஒரு தடவகூடவா?"

கோராட்டில் பார்க்கவில்லை. பூக்கெட்டில் பார்க்கவில்லை. பாங்காக்கில் பிம்மின் அக்காவும் பார்க்கவில்லை. "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தவளை பிம் பாதியில் துண்டித்தாள்.

"வெளியூர்க்காரனுக்குப் புண்ணியம் இல்ல, நான் என்ன பண்றது?" என்றார் ஆசான். நெற்றியில் வியர்வை.

அப்போதுதான் மாடிப்படியில் ஆசானின் அம்மா இறங்கி வந்தார். கையில் நேற்றைய மோக்கேங் தட்டு, காலி. எல்லோரும் தொலைபேசியும் கையுமாக நிற்பதைப் பார்த்து, என்னவென்று பக்கத்தில் விசாரித்து, தானும் தன் மகளைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"ஏண்டி, நம்ம குண்டனோட மோக்கேங் விளம்பரம் சொங்க்லாவுல வருதா?"

மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "என்ன விளம்பரம்மா? தம்பி இன்னும் அந்த வட்டம் போடற வேலையத்தான் பண்றானா? போன தடவ ஹாட்யாய்ல வாங்கின அடி மறந்துபோச்சா?"

கூடத்தில் இணைப்புப் பெட்டியின் விளக்கு சிமிட்டும் சத்தம்கூடக் கேட்டிருக்கும், அதற்குச் சத்தம் இருந்திருந்தால்.

"என்னடா வட்டம்?" என்றார் துய், உதவியாளன் குங்கின் கழுத்தில் கை போட்டு. முடி வெட்டும் கை. குங் வளைந்தான்.

"நான் ஒண்ணும் மறைக்கல அண்ணே. விளம்பரம் போடறப்போ எந்த ஊர்க்காரங்களுக்குக் காட்டணும்னு கேக்கும். நாடு பூராவும் காட்டலாம், ஒரு தெருவுக்கும் காட்டலாம். வரைபடத்துல ஒரு புள்ளி வச்சு, சுத்தி ஒரு வட்டம் போடணும். உங்க கடைக்கும் இந்தக் கூடத்துக்கும் மட்டும் சின்னதா போடுன்னு ஆசான் சொன்னாரு. நீங்க பாப்பீங்க, உங்க பக்கத்து வீட்டுக்காரங்க பாப்பாங்க. வட்டத்தப் பெருசாக்கினா காசு தீந்துடும்ல? மிச்சம்..." அவன் வாசலில் நின்ற ஆசானின் புதுக் காரின் பக்கம் பார்த்தான். மீதியைச் சொல்லத் தேவைப்படவில்லை. தன் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். வரைபடத்தில் பழைய தெரு, பாலம், அவற்றின் மேல் தட்டு அளவுக்கு ஒரு வட்டம்.

ஒரு லட்சம் கண்! ஒரே தெருவின் கண்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டி, உலகமே பார்க்கிறது என்று நம்பவைத்த மகான்!

"ஆக, என் மூஞ்சிய எனக்கே காட்டறதுக்கு நான் காசு கொடுத்திருக்கேன்" என்றார் உவான் மெதுவாக. "எங்க வீட்ல கண்ணாடி இருக்கே ஆசானே."

முதலில் சிரித்தது சம்னியன் அக்கா. பிறகு பச்சை வரிசை. பிறகு கூடமே. ஆசான் கூட்டத்தின் கோபத்தைத் தாங்கப் பழகியவர், சிரிப்பைத் தாங்கப் பழகவில்லை. பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே பால முனைக் காவலர் நின்றிருந்தார். அவருடைய மனைவியின் துணிக்கடைப் பணமும் திங்கட்கிழமைக் கணக்கில் மஞ்சள் செயலிக்காகக் காத்திருந்தது.

"செயலி பிறந்துடுச்சா ஆசானே? வாங்க, நிலையத்துல உக்காந்து பேரு வைக்கலாம்" என்று அவர் தோளில் கை போட்டார்.

பிம் மேடையேறினாள். ஆவி வீட்டுக்கு முன்னாலிருந்த சிவப்புச் சோடாவை எடுத்தாள். "ஐயோ" என்றது கூட்டம். உறிஞ்சுகுழலில் ஒரே இழுப்பு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வானம் இடியவில்லை. இணைப்புப் பெட்டிகூட அணையவில்லை.

"சூடாயிடுச்சு" என்றாள். "கொஞ்சம் ஐஸ் போட்டு வச்சிருக்கலாம்."

சொங்க்ரான் வந்தது. நீலப் பக்கம் உயிரோடு இருந்தது, அடுப்பு அணையவில்லை. பாங்காக் மாடியறையை அக்கா வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டாள். உவான் இப்போதும் முதல் போணிக்குத் தட்டுகளைத் தட்டுகிறார். பிம் அதைத் தடுக்கவில்லை, தொலைபேசிக்கு மட்டும் ரப்பர் உறை வாங்கிப் போட்டாள்.

இத்தோடு எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த சனிக்கிழமை காலை மோக்கேங் கடை வாசலில் செருப்புக் கூட்டம். கூடத்திலிருந்து அவரவர் நிற நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"பிம் அக்கா, நீங்கதான் சொல்லணும். எங்களுக்கு எந்த நிறம்?" என்று கேட்டார் துய்.

"நான் எதுக்குச் சொல்லணும்? கடைக்கு வர்ற ஆளக் கேளு. எங்க பாத்து வந்தீங்கன்னு. ரெண்டு மூணுல கொஞ்சம் கொஞ்சம் காசு போட்டுப் பாரு. எது ஆளக் கூட்டிக்கிட்டு வருதோ அதுல போடு. வராதத விட்டுடு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. சம்னியன் அக்கா கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சரி பிம்மு. அப்படியே கேக்கறோம். எந்தக் கிழமையிலேருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?"

பிம் கரண்டியை ஓங்கியபோது கூட்டம் கலைந்தது. கிழமை எதுவானாலும் நிறம் எதுவானாலும், எங்கள் ஊரில் இன்னும் விளம்பரமே இல்லாமல் விற்றுப்போகும் சரக்கு ஒன்று உண்டு: இலவசமாக யோசித்துத் தரும் அடுத்தவன் மூளை. உங்கள் தலையில் இருப்பதையும் ஒரு நாள் திறந்து வைத்துப் பாருங்கள், ஐயா. போணி ஆகாமலா போய்விடும்?